துடைப்பியல்: டேப் ரெக்கார்டரைப் பேணுதல் பற்றிய ஓர் ஆராய்ச்சி

டேப் ரெக்கார்டரைப் பற்றி நம்மவர் எழுதியதெல்லாம் அதில் பாடிய பாட்டைப் பற்றியே. எந்தப் படம், எந்த ராகம், இடையில் வரும் புல்லாங்குழல் யாருடையது என்று மேடை போட்டு விவாதித்தாயிற்று. கேசட் வியாபாரத்துக்குக்கூட ஆய்வாளர் கிடைத்துவிட்டார். வட இந்தியக் கேசட் சந்தையை ஆராய்ந்து பீட்டர் மானுவல் 1993இல் ஒரு முழு நூல் எழுதினார். கருவியைத் துடைத்தவர்களுக்குத்தான் நாதியில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில், எண்ணெய்க் குளியலுக்கு முன், பழைய பனியன் துணியும் பஞ்சும் தீக்குச்சியுமாகத் திண்ணையில் உட்கார்ந்தவர்கள் அவர்கள். குளியலுக்கு முன் என்பது முக்கியம். எண்ணெய்க் கையோடு ஹெட்டைத் தொட்ட வீடுகளின் கதி பின்னர் கூறப்படும். அவர்களுடைய கொள்கைகளையும் உட்பிரிவுகளையும் பூசல்களையும் தொகுத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஆய்வெல்லை. ஸ்பூல் சுற்றும் பெரிய இயந்திரங்கள் இதில் சேரா. அவை வானொலி நிலையங்களிலும் வசதி படைத்த சங்கீத ரசிகர்களிடமும் இருந்தவை. துடைக்கத் தனி ஆள் உண்டு. வாக்மேனும் சேராது. 1979 ஜூலையில் சோனி விற்பனைக்கு விட்ட முதல் வாக்மேனுக்குப் பதிவு செய்யத் தெரியாது. மேலும் அது தனி ஆளின் சொத்து. தனி ஆளின் சொத்தில் யார் துடைப்பது என்ற வழக்கு எழாது, வழக்கு எழாத இடத்தில் ஆய்வுக்கு வேலையில்லை. எஞ்சுவது கைப்பிடி வைத்த, பேட்டரிக் கட்டை போட்டாலும் கரண்டில் சொருகினாலும் ஓடுகிற, குடும்பத்துக்குப் பொதுவான ரெக்கார்டர். ரேடியோவும் சேர்ந்திருந்தால் டூ இன் ஒன். வளைகுடாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ சொந்தக்காரர் கொண்டு வந்தது, பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கியது, உள்ளூர்க் கடையில் தவணைக்கு எடுத்தது என மூன்று குலம். துடைக்கும் பயபக்தி இதே வரிசையில் இறங்கும்.

கருவியின் தோற்றம் பற்றிப் புலவரிடையே சண்டையில்லை. 1963 ஆகஸ்ட் இறுதியில் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டையும் அதைப் போடும் ரெக்கார்டரையும் காட்சிக்கு வைத்தது. ஆக்கியோன் லூ ஓட்டன்ஸும் அவர் குழுவும். கருவி எவ்வளவு சிறியதாக இருக்க வேண்டும் என்பதற்கு அளவாக, தம் கோட்டுப் பையில் நுழையும் ஒரு மரக்கட்டையை ஓட்டன்ஸ் வெட்டி வைத்திருந்தார். மூலப்படி என்று சொல்லத்தக்க அந்தக் கட்டை பிற்பாடு, கார் டயர் மாற்றும்போது ஜாக்கிக்கு முட்டுக் கொடுக்கப் போய்த் தொலைந்தது என்பார்கள். ஆகவே பேணுதல் என்ற கலை ஆக்கியோன் வழியாக வந்திருக்க முடியாது. அது நம் வீட்டுக் கூடத்தில் தானாக முளைத்தது என்று துணியலாம். அதே கட்டை திருநெல்வேலிப் பக்கம் ஏதாவது ஒரு வீட்டில் இருந்திருந்தால் இன்றைக்கும் வேட்டித் துணியில் சுற்றி பீரோவுக்குள் பத்திரமாக இருக்கும். எடுத்துப் பார்க்கக்கூட விட மாட்டார்கள்.

அடுத்து அதிகாரம். ரெக்கார்டரைத் துடைக்கும் உரிமை வீட்டில் ஒருவருக்கே உண்டு, அவர் அநேகமாக அதை வாங்கியவராக இருக்க மாட்டார். வாங்கியவர் துபாயில் இருப்பார். உரிமை ஊரில் தங்கிவிட்ட தம்பிக்கு, அதாவது பிள்ளைகளுக்குச் சித்தப்பாவுக்கு. அவர் இல்லாத நேரத்தில் பாட்டுக் கேட்பதே கள்ளத்தனம் என்றால் துடைப்பது தேசத் துரோகம். "சித்தப்பா, நான் மேல மட்டும் தொடைக்கட்டுமா?" என்று கேட்கும் சிறுவனுக்கு, "கைய எடுடா மொதல்ல" என்ற விடைதான் எல்லா வட்டாரங்களிலும் பாடபேதமின்றிக் கிடைக்கிறது.

சடங்கு உறையில் தொடங்கும். வெளிநாட்டு ரெக்கார்டருக்கு உடன்பிறந்த தோலுறை உண்டு. ஸ்பீக்கருக்கு நேரே பொட்டுப் பொட்டாகத் துளை, பக்கத்தில் அமுக்கும் பொத்தான். அதன்மேல் வீட்டுப் பெண்கள் தைத்த துணியுறை. இரண்டு கிளியும் ஆங்கிலத்தில் ஒரு வரவேற்பும். துணியுறையைக் கழற்றி முதலில் உதறுவார்கள். எங்கே என்பதுதான் ஆராய்ச்சிக்குரியது. நேரே ரெக்கார்டருக்கு மேலேயே உதறுவார்கள். ஒரு வாரம் கிளிகளின்மேல் தங்கியிருந்த புழுதி அவ்வளவும் கேசட் கதவின் இடுக்கில் போய் இறங்கும். பிறகு அந்தப் புழுதியைத் துடைப்பது தொடங்கும். புழுதியை முறைப்படி உள்ளே அனுப்பிப் பிறகு வெளியேற்றும் இம்முறைக்கு வேறு எந்தக் கருவியிலும் இணை கிடைக்கவில்லை.

பேணுவோருள் மூன்று மரபினர் உண்டு. ஊதுவோர், துடைப்போர், தட்டுவோர்.

ஊதுவோர் எளியவர்கள். கதவைத் திறப்பார்கள், கன்னத்தை உப்புவார்கள், ஊதுவார்கள். காற்றோடு வெற்றிலைச் சாறும் போகும் என்பது எதிர்த்தரப்பின் குற்றச்சாட்டு. வெற்றிலை போடாதவரும் எச்சில் இல்லாமல் ஊத முடியாது என்பதால் குற்றச்சாட்டு நிற்கிறது. தட்டுவோர் கொள்கை இதைவிட ஆழமானது. பாட்டு நின்றால் மேல்மூடியின் இடப்பக்கம் உள்ளங்கையால் ஒரு தட்டு. பாடும். இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கியவர்கள் அவசரப்பட்டார்கள். உள்ளே விட்டுப்போன சாலிடரோ துருப்பிடித்த பேட்டரிக் கம்பியோ அதிர்ச்சியில் ஒரு கணம் ஒட்டிக்கொள்கிறது, கரண்டு ஓடுகிறது. ஆனால் தட்டு நாளாக நாளாக வலுக்க வேண்டியிருக்கும். இறுதியில் கருவி ஒரு மாதிரியும் தட்டியவர் ஒரு மாதிரியும் ஆகிவிடுவார்கள்.

நடுவிலுள்ள துடைப்போர்தாம் நம் பொருள். அவர்கள் எதைத் துடைத்தார்கள்? ஸ்பீக்கர் வலையைத் துடைத்தார்கள். கைப்பிடியைத் துடைத்தார்கள். நிறுவனத்தின் பெயர் பொறித்த வெள்ளித் தகட்டை எழுத்தே அழியும்வரை துடைத்தார்கள். கேசட் கதவின் கண்ணாடிப் பிளாஸ்டிக்கை உலர்ந்த துணியால் தேய்த்துத் தேய்த்து உள்ளே கேசட் இருக்கிறதா இல்லையா என்று தெரியாதபடி ஆக்கினார்கள். விருந்தாளியின் கண் படுகிற இடமெல்லாம் பளபளத்தது. பாட்டு உண்டாகிற இடமான ஹெட் ஒரு சுண்டுவிரல் நகத்தளவு; அது கதவுக்குப் பின்னால் இருட்டில் இருந்தது. அங்கே படிந்த அழுக்கு என்ன அழுக்கு என்று எவரும் கேட்டதாகச் சான்றில்லை.

இந்த ஆய்வின் மையம் அதுதான். கேசட் நாடா என்பது 3.81 மில்லிமீட்டர் அகலமுள்ள பாலியெஸ்டர் பட்டை. அதன் ஒரு முகத்தில் பசையில் குழைத்துப் பூசியிருப்பது இரும்பு ஆக்சைடு; வீட்டுப் பாஷையில் துரு. பாட்டு முழுவதும் அந்தத் துருவில்தான் காந்தமாகப் பதிந்து கிடக்கிறது. நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஹெட்டை உரசிக்கொண்டே நகரும். உரச உரசத் துரு உதிரும். உதிர்ந்தது ஹெட்டின் முகத்தில் அப்பிக்கொள்ளும். ஆகவே எப்போதாவது அங்கே போன சித்தப்பாவின் பஞ்சில் பழுப்பாக வந்ததில் பெரும்பகுதி தெருப்புழுதியே அன்று. அது பாட்டு.

இதை ஏற்றுக்கொண்டால் எழும் சிக்கல்கள் பல. பஞ்சில் வந்த பழுப்பு எந்தப் பாட்டின் எந்த அடி? பல்லவியா, சரணமா? அடிக்கடி கேட்ட பாட்டே அதிகம் உதிர்ந்திருக்கும் என்பதால், ஒரு குடும்பத்தின் ரசனையைப் பஞ்சைக் கொண்டே கணித்துவிடலாம் என்று ஒரு கருதுகோள் வைக்கலாம். ஆனால் ஒரே ஹெட்டில்தான் கந்த சஷ்டிக் கவசமும் ஓடியது, கிளப் டான்ஸ் பாட்டும் ஓடியது, தேர்தல் பேச்சும் ஓடியது. மூன்றும் ஒரே பழுப்பாகத்தான் வரும். நிறத்தால் பிரித்தறிய இயலாமையால் கருதுகோள் கைவிடப்பட்டது. அந்தப் பஞ்சைக் குப்பையில் போடலாமா, கிணற்றடித் துளசிக்குப் போடுவதா என்பதை ஆகமம் அறிந்தவர்களுக்கு விடுகிறேன்.

அழுக்கின் கள்ளத்தனம் கணக்கில் தெரியும். நொடிக்கு 10,000 அதிர்வுள்ள ஒலி நாடாவில் பதியும்போது அதன் ஓர் அலை 4.76 மைக்ரான் நீளம்தான் இருக்கும், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருநூற்றில் ஒரு பங்கு. ஹெட்டில் ஒரே ஒரு மைக்ரான் கனத்துக்கு அழுக்குப் படிந்து நாடாவை அவ்வளவு தள்ளி நிறுத்தினால், அந்த ஒலி 11.5 டெசிபெல் குறையும். அலையின் உயரத்தில் நாலில் ஒரு பங்குதான் மிஞ்சும். நொடிக்கு 100 அதிர்வுள்ள தவில் தொப்பியின் ஒலிக்கு அலை நூறு மடங்கு நீளம் என்பதால் அதற்கு ஒன்றும் ஆகாது. எனவே அழுக்கு முதலில் ஜால்ராவைத் திருடும், அப்புறம் பாடகியின் சகரத்தை, அப்புறம் வயலினின் நுனியை. தவிலை விட்டுவைக்கும். கச்சேரி நடப்பதுபோலவே இருக்கும், பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள். "பாட்டு என்ன கம்பளிக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு?" என்று பாட்டி கேட்பாள். "பழைய பாட்டு அப்படித்தான் இருக்கும்" என்று சித்தப்பா தீர்ப்புச் சொல்வார். ஒரு தலைமுறையே பழைய பாட்டுகளில் ஜால்ரா கிடையாது என்று நம்பியதற்கு இந்தத் தீர்ப்பே காரணமாகலாம்.

இனித் திரவங்கள். இத்துறையில் கருத்துப்போர் இங்கேதான் உச்சம். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலே ஏற்றது என்று கம்பெனிக் கையேடுகள் சொல்லும். கையேடு பீரோவில் பூட்டியிருந்ததால் கீழ்க்காணும் மாற்றுகள் வழங்கின. மருந்துக்கடை ஸ்பிரிட்: ஓரளவு சரி, தண்ணீர் குறைவாக இருக்கும்வரை. ஓடிகோலன்: ஆல்கஹால்தான், ஆனால் வாசனைப் பிசுக்கு தங்கும், கல்யாண வீட்டுக்குக் கடன் கொடுத்த ரெக்கார்டர்கள் இதனால் மணத்தன. மண்ணெண்ணெய்: கருவி சைக்கிளன்று என்று மட்டும் சொல்லி நகர்கிறேன். தேங்காயெண்ணெய்: முன்பு வாக்களித்த கதி இதுதான். எண்ணெய் பட்ட ஹெட் இரண்டு நாள் மினுமினுக்கும். பிறகு புழுதி, துரு, எண்ணெய் மூன்றும் கூடி வடகம் போடும் பதத்துக்கு வரும். எண்ணெய் நாடாவை இழுக்கும் ரப்பர் உருளைக்கும் பரவினால் நாடா வழுக்கும், சுருதி இறங்கும், பாடகி பாடகராவார்.

மெக்கானிக்குகளின் அந்தரங்க மருந்து வேறு. சி.டி.சி. என்று சுருக்கமாகக் கேட்டால் ரேடியோ சாமான் கடையில் சின்னச் சீசாவில் தருவார்கள்; விரித்தால் கார்பன் டெட்ராகுளோரைடு. பிசுக்கை ஒரே துடைப்பில் எடுக்கும், தடமில்லாமல் ஆவியாகும். மெக்கானிக்கின் ஈரலையும் கூடவே கெடுக்கும். ஓசோன் படலத்தையும் அது அரிப்பதால் மான்ட்ரியல் ஒப்பந்தப்படி 2010க்குள் அதன் இதுபோன்ற பயன்பாட்டை நம் நாடு கைவிட்டது. எட்டுக்கு எட்டுக் கடையில் உட்கார்ந்து டூ இன் ஒன்னின் ஹெட்டைத் துடைத்தவர் வானத்தின் கூரையைக் கையாண்டுகொண்டிருந்தார் என்பது அவருக்கும் தெரியாது, "இன்னிக்குக் கெடைக்குமாண்ணே?" என்று வாசலில் நின்றவருக்கும் தெரியாது.

ஹெட் கிளீனர் கேசட் என்று ஒன்று வந்தது. பார்க்கப் பாட்டுக் கேசட் போலவே. உள்ளே நாடாவுக்குப் பதில் வெள்ளைப் பட்டை. போட்டால் ஹெட்டைத் தானே தேய்த்துவிடும். உலர்ந்த ரகம் உப்புத்தாள் வேலை செய்யும் என்பதால் அளவோடு போட வேண்டும். ஒரு பாட்டும் வராததால், மறுபக்கம் இருக்கும் என்று திருப்பிப் போட்டுக் கேட்ட குடும்பங்கள் உண்டு.

ரப்பர் உருளைக்குத் தனி விதி. சிறிய உருக்குத் தண்டும் இந்த உருளையும் நாடாவை இடுக்கிப் பிடித்துச் சீரான வேகத்தில் இழுக்கின்றன. தண்டை ஸ்பிரிட்டால் துடைக்கலாம். ரப்பரை அதே ஸ்பிரிட்டால் ஓயாமல் துடைத்தால் வறண்டு பளிங்காகிப் பிடிமானம் போகும். இளஞ்சோப்புத் தண்ணீர் நனைத்த பஞ்சு போதும், பிறகு உலர விட வேண்டும். இதைவிட முக்கியம் ஒன்று. பாட்டை நிறுத்தாமல் சுவரில் சுவிட்சை அணைத்துவிட்டுத் தூங்கப் போகிறவர்களால் உருளை இரவெல்லாம் தண்டோடு அழுந்திக் கிடக்கும். வாரக்கணக்கில் அப்படிக் கிடந்தால் ரப்பரில் பள்ளம் விழும். பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் பாட்டில் ஒரு சிறு விக்கல். கமகம் என்று ரசித்தவர்களை நான் அறிவேன்.

தடைசெய்யப்பட்ட திருகைப் பற்றிச் சொல்லாமல் தீராது. ஹெட்டின் பக்கத்தில் ஸ்பிரிங் மேல் உட்கார்ந்த ஒரு சிறு திருகு இருக்கும், தலையில் பெரும்பாலும் சிவப்பு மை தடவி மூடியிருக்கும். ஹெட்டின் சாய்வைத் தீர்மானிப்பது அதுவே. மோனோ நாடாவின் ஒரு தடம் 1.5 மில்லிமீட்டர் அகலம், ஹெட் 0.18 பாகை சாய்ந்தாலே நொடிக்கு 10,000 அதிர்வுள்ள ஒலி முற்றாக அவிந்துபோகும். ஐந்தில் ஒரு பாகைகூட இல்லை! கோயில் கோபுரம் கட்டியவர்களுக்கே போதும் போதும் என்றிருக்கும் இந்த நுணுக்கத்தைச் சித்தப்பா கண்ணாடி கழற்றும் திருப்புளியால் கையாண்டார். பக்கத்து வீட்டுக் கேசட் சரியாகக் கேட்கும்படி திருகுவார். உடனே நம் வீட்டுக் கேசட்டெல்லாம் மந்தமாகும். நம் வீட்டுக்குத் திருப்பினால் பக்கத்து வீட்டோடு மனஸ்தாபம். திருப்புளியின் முனை காந்தமேறியதாக இருந்தால் ஹெட்டும் காந்தமேறி, ஓடும் ஒவ்வொரு கேசட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூர்மையை அழித்து 'உஸ்' என்ற இரைச்சலைச் சேர்க்கும். அந்தச் சிவப்பு மையை மதிப்பதே மேல்.

பேட்டரி பற்றிய நம் பங்களிப்பு உலகம் அறியாதது. பாட்டு இழுக்கத் தொடங்கியதும் கட்டைகளைக் கழற்றி மொட்டைமாடி வெயிலில் வற்றலோடு காயப்போடுவது. பயன் உண்டா? கொஞ்சம் உண்டு. ஓய்விலும் சூட்டிலும் உள்ளிருக்கும் ரசாயனம் சற்றே மீண்டு, ஒன்றிரண்டு பாட்டுக்கு உயிர் வரும். அதே சூடு துத்தநாக உறையைச் சீக்கிரம் பொத்தலாக்கிக் கசியவும் வைக்கும். உயிர்த்தெழுந்த கட்டையை மறந்து உள்ளேயே விட்டவர்கள், அடுத்த பொங்கலுக்குத் திறந்து பார்த்தபோது ஸ்பிரிங்கில் பச்சைப் பூ பூத்திருந்தது.

இதுவரை கண்டவற்றிலிருந்து பெறப்படும் ஆய்வு முடிவு துடைப்போருக்கு உவப்பாக இராது. ஓடினால் துரு உதிர்ந்து அழுக்காகும். ஓடாமல் பேணினால் உள்ளே சுழலும் ரப்பர் பெல்ட் பிசினாக உருகும், கட்டை கசியும், உருளை இறுகும், வால்யூம் திருகு கரகரக்கும். வால்யூம் திருகுக்கு மருந்து, அதை இப்படியும் அப்படியும் திருகிக்கொண்டே இருப்பதுதான். ஆனால் பிள்ளைகள் அதைச் செய்தால் உதை விழும். ஊரில் மிக நீண்ட நாள் உழைத்த ரெக்கார்டர்கள் டீக்கடைகளில் இருந்தவை. கிளி உறை இல்லை, சித்தப்பா இல்லை. பஜ்ஜிப் புகைக்கு நடுவே காலை ஐந்து மணிக்குத் தொடங்கி இரவு கடை சாத்தும்வரை பாடின. இழுத்தால் அன்றைக்கே சி.டி.சி. பிரயோகம், பெல்ட் அறுந்தால் அன்றைக்கே புது பெல்ட். பத்திரமாக வைக்கப்பட்டவை பரணில் இருக்கின்றன.

பரணிலிருந்து இறக்குவோருக்குச் சில விதிகள். முதலில் கட்டைப் பெட்டியைத் திறக்க வேண்டும். சாதாரணக் கட்டை கசிந்திருந்தால் அது அமிலத்தன்மை உடையது, சமையல் சோடா கரைத்துத் தடவலாம். அல்கலைன் கசிந்திருந்தால் எலுமிச்சைச் சாறு. மாற்றிச் செய்தால் பூ இன்னும் செழிக்கும். உருகிய பெல்ட்டைக் கையால் தொட்டால் கறுப்பு மூன்று நாளைக்குப் போகாது. ஹெட்டையும் தண்டையும் ஸ்பிரிட்டால் துடைத்து, நன்றாக உலர விட்டு, அதன்பிறகே கேசட்.

எந்தக் கேசட் என்பதில்தான் நடைமுறைச் சிக்கல். நெடுநாள் தூங்கிய கருவி முதல் கேசட்டை மென்று நாடாவைக் குடல் குடலாக வெளியே தள்ளும் வாய்ப்பு அதிகம். ஆகவே யாருக்கும் வேண்டாத ஒரு கேசட்டைப் பலியாகப் போட்டுச் சோதிக்க வேண்டும் என்பது துறையறிந்தோர் கொள்கை. தகரப் பெட்டியைக் கவிழ்த்து ஒரு வீட்டில் தேர்வு நடந்தது. முதலில் எடுத்தது பழைய டிஸ்கோப் பாட்டு. "அது என் கல்யாணத்துல போட்டதுடா" என்றாள் அத்தை. அடுத்து எழுத்தழிந்த ஒன்று. அதில் தாத்தா இருமுவது இருக்கலாம் என்று அம்மா வாங்கி வைத்துக்கொண்டாள். கட்சிப் பேச்சுக் கேசட்டைச் சித்தப்பாவும், அந்தக் கட்சியைப் பிடிக்காத மாமாவும் சேர்ந்தே தடுத்தார்கள், சான்றாக வேண்டுமாம். ஆங்கிலம் பேசப் பழகும் கேசட்டைப் போடலாம் என்று ஏகமனதாக முடிவாகித் திறந்தால், பெட்டிக்குள் வேறு கேசட். கடைசியில் கண்ணாடித் தாள்கூடப் பிரிக்காத வெறும் கேசட் ஒன்று அடியில் கிடைத்தது. "அது ஃபாரின் கேசட்" என்றார் சித்தப்பா. "நல்ல பாட்டா வந்தா பதியலாம்னு வச்சிருக்கேன். வை அங்கேயே."